கவிஞருக்குப் பிடித்த பாட்டு

உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அது தாலாட்டாக இருக்கலாம். சினிமாப் பாட்டாக இருக்கலாம். திருவிழாவில் கேட்ட பாட்டாக இருக்கலாம்.

அந்தப் பாட்டு ஏன் பிடிக்கிறது? இப்படிக் கேட்டால் கொஞ்சம் தயங்குவீர்கள். "என்னவோ தெரியவில்லை, பிடிக்கிறது" என்பீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாட்டு எழுதிப் பெயர் வாங்கிய கவிஞர்களும் இந்தக் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொன்னார்கள்.

நம் நாட்டுக் கவிஞர்கள் சிலரைப் பற்றி இங்கே படிப்போம். அவர்கள் எழுதிய பாட்டுகளைப் பற்றி அல்ல. அவர்கள் ஆசையோடு கேட்ட பாட்டுகளைப் பற்றி. அவை வேறு யாரோ கட்டிய பாட்டுகள். கட்டியவர்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தபால்காரரின் பாட்டு

நமது தேசிய கீதத்தை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர். வங்காள மொழிக் கவிஞர். 1861-ல் கல்கத்தாவில் பிறந்தார். 1913-ல் நோபல் பரிசு பெற்றார். உலகம் முழுவதும் அவருக்குப் பெயர்.

தாகூரின் குடும்பம் ஜமீன்தார் குடும்பம். ஷிலைதஹா என்ற ஊர்ப் பக்கம் அவர்களுக்கு நிலங்கள் இருந்தன. அந்த ஊர் பத்மா ஆற்றங்கரையில் இருக்கிறது. இப்போது அது வங்கதேசத்தில் சேர்ந்தது. நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாகூரிடம் வந்தது. 1890-க்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் அங்கே போய்த் தங்கினார். பல நாட்கள் ஆற்றில் படகிலேயே வாசம்.

அந்த ஊரில் ஒரு தபால்காரர் இருந்தார். பெயர் ககன். கடிதம் சுமந்து போகிறவரை அங்கே ஹர்காரா என்பார்கள். அதனால் அவரை ககன் ஹர்காரா என்று அழைத்தார்கள். அவர் பவுல் பாட்டுகள் பாடுவார். தாமே பாட்டுக் கட்டவும் செய்வார்.

பவுல்கள் என்பவர்கள் யார்? வங்காளத்தில் ஊர் ஊராகப் பாடித் திரிகிறவர்கள். கையில் ஒற்றைத் தந்தி வாத்தியம் இருக்கும். அவர்களில் இந்துக்களும் உண்டு. முஸ்லிம்களும் உண்டு. கடவுளை வெளியே தேட வேண்டாம், மனிதனுக்குள்ளே தேடு என்பது அவர்கள் கொள்கை.

ககன் பாடிய ஒரு பாட்டு தாகூரின் மனதைப் பிடித்துக்கொண்டது. தன் மனதுக்கு உரியவரை ஊர் ஊராகத் தேடி அலைகிற ஒருவரின் பாட்டு அது. தாகூர் உபநிடதம் போன்ற பழைய நூல்களைக் கற்றவர். அந்தப் பெரிய நூல்கள் சொல்லும் விஷயத்தைக் கிராமத்துப் பாடகர்கள் பாடக் கேட்டார். அவர்கள் எந்த நூலையும் மேற்கோள் காட்டவில்லை. வீட்டில் பேசும் பேச்சிலேயே பாடினார்கள். தாகூரை வியக்க வைத்தது இதுதான்.

பிற்பாடு, 1922-ல் வந்த ஓர் ஆங்கில நூலில் இந்தப் பாட்டைப் பற்றி தாகூர் எழுதினார். சொற்கள் மிகவும் எளிமையாக இருப்பதால் வேறு மொழிக்குக் கொண்டுபோகவே தயக்கமாக இருக்கிறது என்றார். மெட்டு இல்லாமல் வெறும் சொல்லை மட்டும் எழுதினால், சிறகு பிய்த்த வண்ணத்துப்பூச்சி போல ஆகிவிடும் என்றும் சொன்னார். நீங்களே செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு தாலாட்டை ராகம் இல்லாமல் வாசியுங்கள். தாகூர் சொன்னது சட்டென்று புரியும்.

அந்த மெட்டை அவர் விடவில்லை. 1905-ல் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. மக்கள் எதிர்த்தார்கள். அப்போது தாகூர் தன் மண்ணைப் போற்றி ஒரு பாட்டு எழுதினார. அதற்கு ககனின் மெட்டையே எடுத்துக்கொண்டார். 1971-ல் வங்கதேசம் தனி நாடு ஆனது. தாகூரின் அந்தப் பாட்டின் முதல் 10 வரிகள் அந்த நாட்டின் தேசிய கீதம் ஆயின.

ஒரு கிராமத்துத் தபால்காரரின் மெட்டை ஒரு நாடே எழுந்து நின்று பாடுகிறது. ஆனால் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு ககன் பெயர் தெரியும்? தாகூரின் பாட்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேல் அச்சில் இருக்கின்றன. ககனின் பாட்டுகளோ மிகச் சிலவே கிடைக்கின்றன. மற்றவை காற்றோடு போயின.

காசி நகரத்து நெசவாளர் கபீர் மீதும் தாகூருக்குப் பிரியம் அதிகம். கபீர் 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் மை தொட்டு எழுதியதில்லை என்பார்கள். அவர் பாட்டுகள் சாதுக்களின் வாயிலும் பாடகர்களின் வாயிலும் வாழ்ந்தன. தாகூரின் நண்பர் க்ஷிதிமோகன் சேன் அவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்தார். அவற்றில் 100 பாட்டுகளை தாகூர் ஆங்கிலத்தில் தந்தார். அவற்றில் பல பாட்டுகள் கபீர் கட்டியவை அல்ல, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் பெயரில் பாடியவை என்று இப்போதுள்ள அறிஞர்கள் சொல்கிறார்கள். வாய்ப் பாட்டுக்கு இப்படி நேர்வது உண்டு. ஒருவர் தொடங்குவார். நூறு பேர் சேர்ந்து வளர்ப்பார்கள்.

அம்மாவின் பாட்டு

இனி மகாராஷ்டிரத்துக்குப் போவோம். அங்கே ஜல்காவ் என்று ஒரு நகரம். பருத்தியும் சோளமும் விளைகிற கரிசல் பூமி. அதன் பக்கத்தில் அசோதே என்ற கிராமம். 1880-ல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பஹிணாபாய் பிறந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துத் தெரியாது. 13 வயதில் கல்யாணம். ஜல்காவில் சௌத்ரி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். மூன்று பிள்ளைகள். இளம் வயதிலேயே கணவர் இறந்துபோனார். ஒரு மகனுக்கு பிளேக் நோய் வந்து உடல் ஊனமானது. பஹிணாபாய் காட்டிலும் வீட்டிலும் உழைத்து, பிள்ளைகளை வளர்த்தார்.

உழைக்கும்போதே பாடுவார். விடியற்காலையில் திருகையில் மாவு அரைக்கும்போது பாடுவார். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கை திருகையைச் சுற்றும். வாய் பாட்டுக் கட்டும். அந்தப் பாட்டுக்கு ஓவி என்று பெயர். பஹிணாபாய் விதைப்பைப் பற்றிப் பாடினார். அறுவடையைப் பற்றிப் பாடினார். அடுப்பைப் பற்றிப் பாடினார். தூக்கணாங்குருவி கூடு கட்டும் திறமையைப் பாடினார். அடங்காத மனதைப் பற்றியும் பாடினார். பயிரில் மேயப் போகும் மாடு அவர் கண்ணில் பட்டது. மனதும் அப்படித்தானே என்று அவருக்குத் தோன்றியது. மாடு ஓட்டியவருக்குத்தான் இது தோன்றும்.

அவருடைய இளைய மகன் சோபான்தேவ். 1907-ல் பிறந்தவர். பள்ளியில் படித்தார். பின்னாளில் மராத்தியில் பெயர் பெற்ற கவிஞர் ஆனார். அவர் சொன்ன ஒரு செய்தி இது. ஒரு நாள் தன் பாடப் புத்தகத்தில் இருந்த சாவித்திரி கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். மறுநாள் காலையில் அம்மா அந்தக் கதையை முழுப் பாட்டாகவே பாடினார். மகன் அசந்துபோனார். அன்று முதல் அம்மா பாடுவதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். உறவுக்காரர் ஒருவரும் கூட இருந்து எழுதினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அம்மாவுக்குப் பாட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது. மகனுக்கு எழுத்துத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. அதனால்தான் அந்தப் பாட்டுகள் பிழைத்தன. மகன் கேட்கத் தொடங்குவதற்கு முன் அந்த அம்மா எத்தனை பாட்டுகள் பாடியிருப்பார்! அவை எல்லாம் திருகைச் சத்தத்தோடு போய்விட்டன.

1951 டிசம்பர் 3 அன்று பஹிணாபாய் இறந்தார். சோபான்தேவிடம் அந்த நோட்டு இருந்தது. ஆனால் அதை யாரிடம் காட்டுவது? அது புத்தகத்தில் எழுதுகிற மராத்தி அல்ல. அந்தப் பக்கத்துக் குடியானவர்களின் பேச்சு. படித்தவர்கள் சிரிப்பார்களோ என்னவோ!

கடைசியில் ஆசார்ய அத்ரேயிடம் கொண்டுபோனார். அத்ரே சாதாரண ஆள் இல்லை. நாடகம் எழுதினார். பத்திரிகை நடத்தினார். சினிமா எடுத்தார். கவிதையும் எழுதினார். அதிலும் கேலிக் கவிதை எழுதுவதில் கெட்டிக்காரர். பெரிய பெரிய கவிஞர்களின் கவிதைகளைக் கிண்டல் செய்து ஒரு புத்தகமே போட்டார். அதற்கு 'செண்டுமல்லிப் பூக்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். ரோஜா என்றும் வைக்கவில்லை, தாமரை என்றும் வைக்கவில்லை. இப்படிப்பட்டவரை ஒரு பாட்டால் மயக்குவது லேசான காரியமா?

நோட்டிலிருந்து ஒரு பாட்டை வாசித்ததுமே அத்ரே துள்ளினார். இது மாற்றுக் குறையாத தங்கம் என்றார். இதை மக்களுக்குக் காட்டாமல் மறைத்து வைப்பது குற்றம் என்றார். அவரே முன்னின்று 1952-ல் பஹிணாபாயின் பாட்டுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். முன்னுரையும் எழுதினார். பழைய பாட்டுகளின் பக்கத்தில் வைத்தாலும் சரி, புதிய பாட்டுகளின் பக்கத்தில் வைத்தாலும் சரி, இவற்றின் ஒளி மங்காது என்பது அவர் கருத்து.

அத்ரேக்கு ஏன் அவ்வளவு பிடித்தது? எனக்குத் தோன்றும் காரணம் இது. பெரிய விஷயத்தைச் சொல்ல பஹிணாபாய் பெரிய சொல்லைத் தேடிப் போகவில்லை. அடுப்பு, மாடு, குருவி, திருகை என்று கையெட்டும் பொருளை வைத்தே சொன்னார். கேலிக் கவிதை எழுதுகிறவர் போலிச் சொல்லை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார். இங்கே போலி ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பாட்டுகளை அச்சடித்தபோது பேச்சைத் திருத்தவில்லை. அந்த அம்மாவின் வாயில் வந்த பேச்சே புத்தகத்திலும் வந்தது. இன்று மகாராஷ்டிரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஜல்காவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு 2018-ல் பஹிணாபாய் சௌத்ரி பெயரை வைத்தார்கள். பள்ளி வாசலை மிதிக்காதவர் பெயரில் பல்கலைக்கழகம்!

மாவு மில் வந்த பிறகு திருகைக்கு வேலை குறைந்தது. திருகை நின்றதும் பாட்டும் நின்றது. 1980-களில் தொடங்கி சில ஆய்வாளர்கள் மகாராஷ்டிரத்தில் கிராமம் கிராமமாகப் போனார்கள். வயதான பெண்களைப் பாடச் சொல்லி எழுதினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓவிப் பாட்டுகள் சேர்ந்தன. இன்னும் பத்து இருபது வருடம் தாமதித்திருந்தால் பாட ஆளே இருந்திருக்காது.

நிலவறையில் கிடைத்த பாட்டு

இதுவரை வாய்ப் பாட்டைப் பற்றிப் பார்த்தோம். எழுதி வைத்த பாட்டும் கண் மறைவில் கிடப்பது உண்டு.

ஏ. கே. ராமானுஜன் என்று ஒரு கவிஞர். 1929-ல் மைசூரில் பிறந்தார். வீட்டில் தமிழும் பேசுவார்கள். ஊரில் கன்னடம். கல்லூரியில் ஆங்கிலம். அவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார். பிறகு அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

1962-ல் ஒரு சனிக்கிழமை. பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடி அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனார். கட்டடத்தின் அடியில் இருந்த நிலவறையில் புத்தகங்களைத் துழாவினார். அங்கே வேறு ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. குறுந்தொகை! உ. வே. சாமிநாதையர் 1937-ல் உரையோடு பதிப்பித்த புத்தகம். ராமானுஜன் அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்டினார். உரை நன்றாகப் புரிந்தது. உரையைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் போனார். அதன் பிறகு அவர் வாழ்க்கையே வேறு திசையில் திரும்பியது.

குறுந்தொகை சுமார் 2000 ஆண்டுப் பழமை உடையது. சங்க காலத்துப் பாட்டுகள். எல்லாம் காதலைப் பற்றியவை. சுமார் 400 பாட்டுகள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 4 அடி முதல் 8 அடி வரைதான். பாட்டில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவன் பேசுவான். யாருக்கும் பெயர் கிடையாது.

பிறந்த வீட்டுச் சொத்தை ராமானுஜன் கடல் கடந்து போய்க் கண்டெடுத்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தும் 33 வயது வரை அந்தப் பாட்டுகள் அவருக்கு அறிமுகம் இல்லை. அவர் மட்டுமா அப்படி?

அவருக்கு அந்தப் பாட்டுகள் ஏன் பிடித்தன? அவர் காரணங்களைத் தெளிவாகவே எழுதினார். முதல் காரணம், சொல் குறைவு, பொருள் அதிகம். இரண்டாவது, ஆசை கொழுந்துவிட்டு எரிந்தாலும் பேச்சில் மரியாதை குறையாது. இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

தலைவன் பொருள் தேடி வெளியூர் போயிருக்கிறான். மழைக் காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனான். மழை வந்துவிட்டது. அவன் வரவில்லை. தலைவி "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று அழ மாட்டாள். காட்டில் முல்லை பூத்துவிட்டது என்று மட்டும் சொல்வாள். கேட்கிறவருக்கு எல்லாம் புரிந்துவிடும். இப்படி முல்லைக் காடு என்றால் காத்திருத்தல். கடற்கரை என்றால் ஏங்கி வருந்துதல். வயல் என்றால் ஊடல். மலை என்றால் கூடல். வெளியே இருக்கும் நிலம் உள்ளே இருக்கும் மனதைக் காட்டுகிறது. ராமானுஜன் தன் மொழிபெயர்ப்பு நூலுக்கு 'உள்ளத்தின் நிலம்' என்று பொருள்படும் பெயரையே வைத்தார். அது 1967-ல் வந்தது. உலகில் பலர் அந்த நூலைப் படித்துத்தான் சங்கப் பாட்டை அறிந்தார்கள்.

கன்னட மொழியின் வசனப் பாட்டுகளும் அவருக்கு மிகவும் பிடிக்கும். அவை 12-ம் நூற்றாண்டை ஒட்டி எழுந்தவை. பசவண்ணர், அக்கமாதேவி போன்றவர்கள் பாடினார்கள். சாதிப் பெருமையையும் வெறும் சடங்கையும் எதிர்த்தார்கள். அவற்றையும் ஆங்கிலத்தில் தந்தார். அந்த நூல் 1973-ல் வெளிவந்தது. ராமானுஜன் 1993-ல் சிகாகோவில் காலமானார்.

தாகூருக்கு மெட்டு முக்கியம். ராமானுஜனோ நூலகத்தில் உட்கார்ந்து மெட்டே இல்லாமல் படித்து மயங்கினார். இருவரில் யார் சொல்வது சரி? நான் தாகூர் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். நீங்கள் வேறு பக்கம் சாயலாம்.

பாரதி கேட்ட பாட்டுகள்

பாரதியாரை நாம் அறிவோம். அவர் கம்பரையும் வள்ளுவரையும் இளங்கோவையும் உச்சியில் வைத்துப் போற்றினார். அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் வேறு சில பாட்டுகளையும் விரும்பினார். புதுச்சேரியில் இருந்தபோது அவர் 'குயில் பாட்டு' எழுதினார். அதில் ஒரு குயில், மனிதர்களின் எந்தப் பாட்டுகளில் தன் மனதைப் பறிகொடுத்தேன் என்று சொல்கிறது. ஏற்றம் இறைப்பவர் பாட்டு வருகிறது. நெல் இடிக்கும் பெண்களின் பாட்டு வருகிறது. சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு வருகிறது. பண்ணையில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு வருகிறது. கும்மியும் வருகிறது. குயிலின் வாயில் பாரதி வைத்தது தன் சொந்த ஆசையைத்தான்.

1912-ல் 'பாஞ்சாலி சபதம்' வந்தது. அதன் முன்னுரையில் பாரதி ஒரு விஷயம் எழுதினார். ஓரிரு வருடம் புத்தகம் படித்துப் பழகியவருக்கும் பொருள் விளங்க வேண்டும். அதே சமயம் காவியத்தின் அழகும் குறையக் கூடாது. அப்படி எழுத வேண்டும் என்றார். ஓரிரு வருடம் படித்தவர் என்றால் யார்? நீங்கள்தான்! உங்களை மனதில் வைத்து ஒரு மகாகவி எழுதினார். பாஞ்சாலி சபதத்தை வாங்கிப் பாருங்கள். சில இடங்கள் கடினமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பாதி கடினம் போய்விடும்.

பேசிப் பார்ப்போம்

கீழே உள்ளவற்றை உங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசுங்கள்.

பஹிணாபாயின் நோட்டை வெளியே காட்ட சோபான்தேவ் தயங்கினார் என்றால் அது ஏன்? நம் வீட்டுப் பேச்சை எழுத நாமும் தயங்குகிறோமா?

உங்கள் பகுதியில் எந்த வேலைக்கு எந்தப் பாட்டு இருந்தது? அந்த வேலை இன்று இருக்கிறதா? பாட்டு?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் வயதானவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். முதல் முறை எழுத வேண்டாம். கேளுங்கள். இரண்டாம் முறை பாடும்போது எழுதுங்கள். வேகமாகப் பாடினால், "ஆத்தா, கொஞ்சம் நிறுத்திப் பாடுங்க" என்று கேட்கலாம். தவறு இல்லை.

அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள். "வந்தாக" என்று பாடினால் "வந்தார்கள்" என்று மாற்ற வேண்டாம். புரியாத சொல் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதன் பொருளைக் கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். அவருக்கு மறந்துபோன வரி இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். இன்னொருவருக்கு நினைவு இருக்கும்.

எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவரே திருத்துவார். இந்தப் பாட்டு உங்களுக்கு ஏன் பிடிக்கும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் பாட்டுக்குக் கீழே எழுதுங்கள்.

பக்கத்தின் மேலே பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள்.